தண்ணீருக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

ஆச்சி மோட்டார்க் குழாயடியில் குனிந்து இரண்டு கையையும் குவித்து ஏந்தினாள். முதல் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். அடுத்த வாயை நாக்கில் சற்று நிறுத்தி, கண்ணை மூடி, மெல்ல விழுங்கினாள். என்ன சொல்லப்போகிறாள் என்று நான், என் கணவர், நிலம் காட்ட வந்த தரகர் அண்ணாச்சி மூவரும் வெயிலில் காத்து நின்றோம்.

“ஏட்டி, இது நல்ல தண்ணி. பருப்பு மலர்ந்து வேகும். தலைக்கு ஊத்துனா முடி சிக்காது. இதையே பேசி முடிச்சிருங்க.”

அது 2023 வைகாசி. நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் நடுவில் ஒரு ஊரில் இரண்டு இடங்கள் பார்த்திருந்தோம். ஒன்று 25 சென்ட், 380 அடிக்கு போர் போட்டது. இன்னொன்று 32 சென்ட், பழைய கிணறு உள்ளது. பாளையங்கோட்டையில் 11 வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் ஒரு வீடு கட்டி, மாமனார் மாமியாரோடும் ஆச்சியோடும் ஒன்றாக இருக்கலாம் என்று எண்ணம். மகளுக்கு அப்போது 4 வயது.

தரகர் அண்ணாச்சி சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் மீட்டர், வைத்திருந்தார். போர் தண்ணீரைத் தம்ளரில் பிடித்து அதை முக்கினார். 610 என்று காட்டியது. “பாத்தியளா தங்கச்சி, இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படித் தண்ணி கிடையாது” என்றார். அடுத்த இடத்துக் கிணற்றில் அதே மீட்டர் 1,400-ஐத் தாண்டியது. ஆச்சி அந்தத் தண்ணீரையும் வாயில் விட்டுப் பார்த்து, “லேசாக் கடுக்குது” என்று முகம் சுளித்தாள். நாக்கும் மீட்டரும் ஒரே பக்கம் நின்றன. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்போம். கொடுக்காமல் விட்டதற்குக் காரணம் என் அண்ணன் வீடு.

அண்ணன் ராதாபுரம் பக்கம் வீடு கட்டினான். கடற்கரை அங்கிருந்து தூரமில்லை. மனையிலேயே போர் போட்டு, அந்தத் தண்ணீரிலேயே கான்கிரீட் போட்டு, அதிலேயே 21 நாள் தண்ணீர் நனைத்துக் கட்டிய வீடு. ஒப்பந்தக்காரர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, அண்ணனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது வருஷம் சுவரின் அடிப்பக்கம் உப்புப் பூத்தது. ஏழாவது வருஷம் அடுக்களைக் கூரையில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி, கையால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. மதினி அடுப்படியிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்ததை இன்னமும் சொல்வாள். அதன்பிறகுதான் தண்ணீரைச் சோதித்தார்கள். குளோரைடு மட்டும் லிட்டருக்கு 1,150 மில்லிகிராம்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இதைப்பற்றித் தெளிவாகவே சொல்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 6-க்குக் குறையக் கூடாது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 விதியில் குளோரைடு 250 வரை நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதாவது மனுஷர் குடித்துச் சமாளிக்கிற தண்ணீரைக்கூட கம்பி தாங்காது. “நாங்க குடிக்கிற தண்ணிதானே” என்று கொத்தனாரிடம் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மனை வாங்கும்போது நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்! 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போடுகிறோம். தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம். பட்டா, சிட்டா, அளவு, பாதை எல்லாம் பார்த்த பிறகுதான் கிரயம். அந்த மனையில் ஆயுசு முழுக்கக் குடித்து, சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டப்போகிற தண்ணீருக்கு மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர்கூட தண்ணீர் எங்கே இருக்கும் என்றுதான் சொல்கிறார். அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிட முக்கியம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கால்வாய் பாயும் ஊர்களில் ஒரு மாதிரித் தண்ணீர். தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல், அங்கே வேறு. திசையன்விளைச் செம்மணல் தேரியில் மணலுக்கு அடியில் ஒன்று, உவரி, இடிந்தகரை கடலோரத்தில் இன்னொன்று. ஒரே ஊரில் கோயில் கிணறு இனிக்கும், நாலு வீடு தள்ளி உப்புக் கரிக்கும். “ஊர்த் தண்ணி நல்ல தண்ணி” என்ற பேச்சை நம்பி ஒரு மனையை வாங்க முடியாது.

பூமிக்கு அடியில் தண்ணீர் எப்படி நகரும் என்பதற்கு ஆயன்குளம் கிணற்றை விடப் பெரிய சாட்சி வேண்டாம். 2021 மழையில் திசையன்விளை அருகே அந்தக் கிணற்றுக்குள் உபரி வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள். வாரக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, கிணறு நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வந்து ஆராய்ந்தார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை அரித்து உண்டான வழிகள் இருக்கின்றன. அதை எல்லோரும் அதிசயக் கிணறு என்று பார்க்கப் போனோம். எனக்கு அப்போதே ஒரு யோசனை ஓடியது. ஒரு கிணற்றில் விட்ட தண்ணீர் இவ்வளவு சுலபமாக ஊர் தாண்டிப் போகுமென்றால், அதோடு கலந்த அழுக்கும் போகும்தானே?

சரி, அட்வான்ஸ் கொடுக்கவில்லை. “ஒரு பத்து நாள் பொறுங்க அண்ணாச்சி, தண்ணியைச் சோதிச்சிட்டுச் சொல்லுதோம்” என்றோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. வேறு ஆள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். தரகு வேலையில் அது வழக்கமான பேச்சு. அதற்குப் பயந்து அவசரப்படக் கூடாது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத்துக்கு ஒன்று உண்டு, திருநெல்வேலியிலும் இருக்கிறது. கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் சோதித்துத் தருவார்கள். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. எங்கே கொடுத்தாலும் “எல்லாம் பாருங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வரக் கூடாது. ஃப்ளோரைடு, நைட்ரேட், கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி இந்த மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். கட்டடத்துக்கும் அதே தண்ணீர் என்றால் குளோரைடும் சல்ஃபேட்டும் சேர்த்து. மாதிரி எடுப்பது எப்படி என்றும் அவர்களிடமே கேட்டுக்கொண்டேன்.

மாதிரி எடுப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில் தவறினால் மீதி எல்லாம் வீண்.

விடிகாலை 6 மணிக்குப் போனோம். போர் மோட்டாரைப் போட்டு 15 நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டோம். குழாயிலேயே தங்கிக் கிடந்த தண்ணீர் போய், பூமியிலிருந்து வரும் தண்ணீர் வரவேண்டும். உப்புச் சோதனைக்கு 2 லிட்டர் புது பிளாஸ்டிக் கேன். அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு, காற்றுக்கு இடமில்லாமல் வாய்வரை நிரப்பி மூடினேன். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்திலேயே தந்த கண்ணாடிப் பாட்டில், வாயில் காகிதம் சுற்றிக் கட்டி, சூட்டில் கிருமி நீக்கியது. அதை அலசக் கூடாது. குழாய் முனையைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொளுத்திச் சுட்டு, மறுபடி கொஞ்சம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கமோ பாட்டிலின் வாயோ விரலில் படாமல் பிடிக்க வேண்டும். இதை வாய்வரை நிரப்பாமல், குலுக்குவதற்கு மேலே ஒரு விரற்கடை விட வேண்டும்.

கிணற்றில் குழாய் இல்லை. ஆய்வகத்தில் சொன்னபடி இன்னொரு பாட்டிலின் கழுத்தில் நூலைக் கட்டி, அடியில் ஒரு கல்லைப் பிணைத்து, சுவரில் இடிக்காமல் இறக்கினேன். கை நடுங்கியது. பாட்டில் தண்ணீரைத் தொட்டு, சாய்ந்து, மூழ்கி, குமிழி விட்டது. அந்த நேரம் கிணற்றுச் சுவர் பொந்துகளிலிருந்து புறாக்கள் சடசடவென்று வெளியேறின. எத்தனை புறாக்கள்! அந்தக் கிணற்றில் கிருமி இருக்கும் என்று சோதனைக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டில்களை மீன் கொண்டுபோகிற மாதிரி தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, 10 மணிக்கெல்லாம் ஆய்வகத்தில் கொடுத்தோம்.

முடிவு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

கிணற்றுத் தண்ணீர், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: டிடிஎஸ் 1,480. கடினத்தன்மை 520. குளோரைடு 410. ஃப்ளோரைடு 0.9. நைட்ரேட் 78. கிருமி உண்டு. ஆச்சி நாக்கு சொன்ன கடுப்பு அப்படியே தாளில் இருந்தது.

போர் தண்ணீர்: டிடிஎஸ் 620. கடினத்தன்மை 140. குளோரைடு 85. நைட்ரேட் 12. கிருமி இல்லை. எல்லாம் பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்துகொண்டே வந்தது. ஒரே ஒரு வரி மட்டும் இடறியது. ஃப்ளோரைடு 2.3.

ஐ.எஸ். 10500-ன்படி ஃப்ளோரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் தினமும் குடித்தால், பல் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில், அதாவது சுமார் 8 வயது வரைக்கும், பிள்ளைகளின் பற்களில் முதலில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகள் விழும், பிறகு பழுப்புக் கறை ஏறும். முளைத்தபின் அந்தக் கறை எத்தனை தேய்த்தாலும் போகாது. அளவு இன்னும் கூடிப் பல வருஷம் தொடர்ந்தால் எலும்பு, மூட்டு எல்லாம் இறுகும்.

தாளைக் கையில் வைத்திருக்கும்போதே எனக்கு அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். போர் இடத்துக்குப் பக்கத்து வீடு. அன்றைக்குக் கேட்டைத் திறந்துவிட்டுச் சிரித்தான். முன்பற்கள் நாலிலும் குறுக்கே வெள்ளை, நடுவில் தேயிலைக் கறைபோலப் பழுப்பு. அவன் அம்மா, “ஒழுங்காப் பல்லு தேய்க்க மாட்டான்க்கா, எத்தனை அடிச்சும் கேக்க மாட்டான்” என்று சொல்லி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

மறுநாளே போய் அவளிடம் தாளைக் காட்டினேன். அவர்களுடைய போரும் ஏறக்குறைய அதே ஆழம், அதே பாறை. பிள்ளை மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன். அவள் பதில் பேசாமல் அவன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். பெரிய பையனுக்கு வந்தது வந்ததுதான், சின்னவள் இருக்கிறாள், அவளுக்கு இப்போதே தண்ணீரை மாற்றினால் நல்லது என்றேன். தெருமுனையில் பஞ்சாயத்துக் குழாயில் கூட்டுக் குடிநீர் வருகிறது. போர் தண்ணீர் இனிப்பாக இருக்கிறதே என்று யாரும் அதைக் குடிக்கப் பிடிப்பதில்லை. அன்றிலிருந்து குடிக்கவும் உலை வைக்கவும் அவள் அங்கே பிடிக்கிறாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். ஆச்சியின் சோதனைகள் எதுவும் பொய்யில்லை. பருப்பு வேகாவிட்டால் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அதிகம். சோப்பு நுரைக்காவிட்டால் அதே காரணம். தலைமுறை தலைமுறையாக அடுப்படியில் கண்ட உண்மை. ஆனால் ஃப்ளோரைடு அதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்த மென்மையான தண்ணீரில் ஃப்ளோரைடு தங்குதடையில்லாமல் கரைந்து நிற்கும். அதனால் பருப்பு மலர்ந்து வேகிற, முடி சிக்காத, நாக்குக்கு இதமான போர் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. நாக்குக்கு உப்பு தெரியும், கடுப்பு தெரியும், இரும்புச் சுவை தெரியும். ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி மூன்றும் தெரியாது. பேனா மீட்டருக்கும் அவை தெரியாது. அது மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது.

காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று மாமியார் சொன்னார்கள். கிருமிக்கு அது சரி. நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். ஆர்.ஓ. இயந்திரம் இரண்டையும் குறைக்கும். ஆனால் பிடித்த தண்ணீரில் பெரும்பங்கைக் கழிவாகத் தள்ளும், வடிகட்டியைக் காலத்தில் மாற்ற வேண்டும், கரன்ட் இல்லையென்றால் நிற்கும். வீடு கட்டிமுடித்துவிட்டவர்களுக்கு வேறு வழியில்லை என்றால் அதைத்தான் சொல்வேன். இனிமேல்தான் மனை வாங்கப்போகிறோம் என்கிறபோது ஏன் அதில் போய் மாட்ட வேண்டும்?

வீட்டில் இரண்டு நாள் பேச்சு. கணவருக்கு போர் இடம்தான் பிடித்திருந்தது, ரோட்டுக்குப் பக்கம். தாளில் ஒரே ஒரு வரிதானே தப்பு, கிணற்றுத் தாளில் எத்தனை தப்பு பார் என்றார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரி. நான் வேறு மாதிரி யோசித்தேன். நிலத்தில் அடமானம் இருந்தால் அதுவும் வில்லங்கம்தான், பணம் கட்டித் தீர்த்துவிடலாம். தாய்ப்பத்திரமே கோளாறு என்றால் எந்தப் பணமும் தீர்க்காது. தண்ணீரிலும் அப்படி இரண்டு விதம் இருக்கிறது. போரில் வந்த ஃப்ளோரைடு பாறையிலிருந்து வருகிறது. நம் ஊருக்கு அடியில் இருக்கிற கடும்பாறையில் காக்காப்பொன் மாதிரி மின்னும் கருப்புக் கனிமங்கள் இருக்கின்றன. போர் போடும்போது பறக்கிற தூளில் பார்க்கலாம். அவற்றிலும் வேறு சில கனிமங்களிலும் ஃப்ளோரைடு உண்டு. ஆழத்தில் தண்ணீர் அதோடு வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்து கரைத்துக்கொள்கிறது. அதை யாரிடம் போய் நிறுத்தச் சொல்வது? கிணற்றில் இருந்த நைட்ரேட்டும் கிருமியும் மேலிருந்து இறங்கியவை. யார் வைத்தது என்று கண்டுபிடிக்கலாம்.

கண்டுபிடிக்கப் போனேன். கிணற்றைச் சுற்றி அரைமணி நேரம் நடந்தாலே போதும். வடமேற்கே 25 அடியில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மாட்டுத்தொழுவமும் எருக்குழியும். அறுப்பு முடிந்ததும் அந்த நிலத்திலேயே வருஷா வருஷம் ஆட்டு மந்தையை ராத்திரி தங்கவிட்டுக் கிடை மறிக்கிறார்கள். அதற்கும் மேற்கே வாழை, யூரியா தாராளம். சாணம், ஆட்டுப் புழுக்கை, மூத்திரம், உரம் எல்லாவற்றின் மிச்சமும் மழையில் இறங்கி நைட்ரேட்டாகத்தான் கிணற்றுக்கு வரும். நமக்கு மேற்கே மலை, கிழக்கே கடல். நிலத்தின் சாய்வு எப்படியோ பெரும்பாலும் அடித்தண்ணீரும் அப்படியே நகரும். அதனால் கிணற்றுக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

நைட்ரேட்டுக்கு விதி சொல்லும் எல்லை 45. ‘வேறு வழியில்லையென்றால்’ என்ற சலுகை இதற்குக் கிடையாது. பால்பவுடர் கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தைக்கு, முக்கியமாக 6 மாதத்துக்குள், இது ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் குழந்தை நீலம் பாரிக்கும். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த எண்ணைத் தெரியாமல் இருக்கவே கூடாது.

32 சென்ட்டை வாங்கினோம். தாளைக் காட்டியதில் விலையிலும் கொஞ்சம் குறைந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எனக்குப் பெரியப்பா முறை ஆகவேண்டும் என்று ஆச்சி கண்டுபிடித்துச் சொன்னாள். எருக்குழியைக் கிணற்றுக்குக் கிழக்கே, பள்ளத்துப்பக்கம் தள்ளி மாற்றி, அடியில் சிமென்ட் பூசித் தருகிறோம், செலவு எங்களுடையது என்று கேட்டோம். “நம்ம பிள்ளை குடிக்கிற தண்ணி, இதுக்கு என்ன கேட்டுக்கிட்டு” என்றார். கிடையைக் கிணற்றோரம் விட்டு எட்டத் தள்ளி மறிக்கவும் ஒத்துக்கொண்டார். யூரியாவைப் பற்றி நான் அவரிடம் பேசவில்லை. அது அவர் விவசாயம்.

அப்புறம் செப்டிக் டேங்க். கிணறு வடகிழக்கு மூலையில், ஈசானியத்தில், மனையடி சாஸ்திரப்படி இருந்தது. கொத்தனார் செப்டிக் டேங்குக்கு வாயு மூலையில் சுண்ணாம்பு போட்டிருந்தார். சாஸ்திரத்துக்கு அது பொருந்தும். ஆனால் வடமேற்கு என்றால் கிணற்றுக்கு நேர் மேட்டுப்பக்கம், தூரம் 45 அடிதான். உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 60 அடி வேண்டும். மாமனாரிடம் தாளை வைத்துக்கொண்டு பேசினேன். “மாமா, எருக்குழியை நகட்டச் சொல்லி அவரைக் கெஞ்சிட்டு, நாமளே மேட்டுல ஒண்ணு வெட்டலாமா?” அவர்கள் அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர்களே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்த் தெற்கு ஓரத்தில், கிணற்றுக்கு 80 அடி தள்ளி, பள்ளத்துப்பக்கம் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த மார்கழியில் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. எங்கள் மனையில் அஸ்திவாரம் போட்டிருந்தோம், அது குளமாக நின்றது. கைப்பிடிச்சுவர் இடிந்திருந்த பக்கம் வழியாகக் கிணற்றுக்குள் செந்தண்ணீர் நேராக இறங்கியது. வெள்ளம் வடிந்தபின் இறைத்துக் காலிசெய்து, தூர் எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புது ஊற்று ஏறும்வரை பொறுத்தோம். பிறகு பிளீச்சிங் பவுடர்.

அதற்கும் கணக்கு இருக்கிறது. எங்கள் கிணறு 12 அடி விட்டம், அப்போது 20 அடி தண்ணீர். 6-ஐ 6-ஆல் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 20-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,260 கன அடி, அதாவது 64,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது சாதாரண அளவு, அப்படியென்றால் 160 கிராம். அப்படியே அள்ளி வீசக் கூடாது. வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும், நாங்கள் ராத்திரி முழுக்க விட்டோம். கைப்பிடிச்சுவரை இரண்டரை அடி உயர்த்தி, சுற்றிலும் சிமென்ட் மேடை போட்டு, வாயில் புறா நுழையாத கம்பி வலை போட்டது அதற்கப்புறம். அதிலிருந்து எடுத்த மூன்று மாதிரிகளிலும் கிருமி இல்லை.

கான்கிரீட்டும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். மழைக்குப்பின் குளோரைடு 190-க்கு இறங்கியிருந்தது. கூரை போடும் வேலையைக் கோடைக்குத் தள்ளாமல் மாசிக்குள் முடித்துவிட்டோம். கோடைக்கும் மழைக்கும் ஒரே கிணறு இரண்டு கிணறு மாதிரி இருக்கும். சித்திரை வைகாசியில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப்பின் ஒரு தடவை, இரண்டும் பார்த்தால்தான் அந்தத் தண்ணீரைத் தெரியும். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் கோடையில் பாருங்கள். உப்பும் நைட்ரேட்டும் பெரும்பாலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

குடிக்க மட்டும் கிணற்றை இன்னும் நம்பவில்லை. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்று ஆறு பேருக்கு நாளைக்கு 30 லிட்டர், வருஷத்துக்கு ஏறக்குறைய 11,000. 12,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டினோம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை வடிகட்டிப் பிடிக்கிறோம். காய்ச்சித்தான் குடிக்கிறோம். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அது குழாயை ஒரு குழியில் சொருகுவதோடு முடிந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆச்சிக்கு மழைத்தண்ணீர் பிடிக்கவில்லை. “சப்புன்னு இருக்கு, இதுல என்ன இருக்கு?” என்றாள். ஒரு செப்புக் குடத்தில் ஊற்றி அவள் கட்டில் பக்கத்தில் வைத்தபிறகு குடிக்கிறாள்.

2024 வைகாசியில் கிணற்று நைட்ரேட் 61. இந்த வைகாசிச் சோதனைத் தாள் போன வாரம் வந்தது. ஆச்சி கட்டிலில் இருந்தபடியே, “எவ்வளவு இருக்காம்?” என்று கேட்டாள். 51 என்றேன். 45-க்குள் வரவேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

“அப்போ இன்னும் ஆறுதானா?”

ஆமா ஆச்சி, இன்னும் ஆறு.